மிலாறில் செய்த தேர்

(தோட்ட மாதர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, கூடையை இறக்கி வைத்த கையோடு வந்திருக்கிறீர்கள். வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டும், பிள்ளைகள் பசியோடு இருக்கும். அது எங்களுக்குத் தெரியும். அதனால் பேச்சை நீட்டமாட்டோம். ஆனால் இடையில் எழும்பிப் போய்விடாதீர்கள். கடைசியில் சொல்லப்போகிற கணக்குத்தான் முக்கியம்.

நாங்கள் லயத்துக்கு வரும்போதெல்லாம் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "ஐயா, தோட்டத்துச் சம்பளத்தை மட்டும் நம்பி இருக்க ஏலாது. வீட்டோட இருந்து செய்யிற மாதிரி ஒரு தொழில் சொல்லுங்க." இந்தக் கேள்விக்கு நாங்கள் முன்பெல்லாம் கோழி வளர்ப்பு, தையல், காளான் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்புவிப்போம். இன்றைக்கு அப்படி ஒப்புவிக்கப் போவதில்லை. ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லப் போகிறோம். எந்தத் தோட்டம், என்ன பெயர் என்று கேட்காதீர்கள். "கதையைச் சொல்லுங்க, பேரைச் சொல்லாதீங்க" என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் தொடங்கியது சாமி சம்பந்தப்பட்ட விளையாட்டுச் சாமான் செய்கிற தொழில்.

தகப்பன் கவ்வாத்துக்காரர். தாய் கொழுந்து எடுக்கிறவர். மூன்று பிள்ளைகள். அந்தத் தகப்பனுடைய அப்பா அந்தக் காலத்தில் காமன் கூத்துக்கு முடி, கட்டை எல்லாம் செய்து கொடுத்தவர். அந்தக் கைவாகு மகனுக்கும் இருந்தது. ஒரு வருடம் மாரியம்மன் கோயில் தேருக்குக் கடைசிப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். அது தேர் வடத்தைப் பிடிக்க வேண்டும் என்று அழுதது. கூட்டத்தில் எப்படி விடுவது? மிதித்துப்போடுவார்கள். வீட்டுக்கு வந்தும் அழுகை நிற்கவில்லை. அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து, அடுப்புக்குக் கொண்டுவந்து போட்டிருந்த கவ்வாத்து மிலாறில் நாலு தூண் சீவி, பழைய தேயிலை அடிமரத்தை வட்டமாக அறுத்து நாலு சக்கரம் போட்டு, ஒரு சாண் உயரத்தில் தேர் செய்துவிட்டார். தாய், பழைய சேலைத் துண்டில் தொம்பை தைத்துத் தொங்கவிட்டார். பிள்ளை இஸ்தோப்பில் அந்தத் தேரை இழுத்தது. அடுத்த நாள் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வாசலில் நின்றன.

தொழில் அப்படித்தான் ஆரம்பித்தது. கேட்ட பிள்ளைக்கெல்லாம் செய்து கொடுத்தார்கள். பிறகு மேமலை டிவிஷனில் இருந்து சல்லி கொண்டுவந்து கேட்டார்கள். "சாமியே வழி காட்டுது" என்று புருசனும் பெண்சாதியும் நினைத்தார்கள். அதில் தப்பில்லை. சிக்கல் பிறகுதான் வந்தது.

முதல் சிக்கல் சாமியாலேயே வந்தது. தேர் இருந்தால் உள்ளே சாமி வேண்டுமே. களிமண்ணில் சின்னதாக அம்மன் செய்து, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து உள்ளே வைத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. விளையாடுகிற பிள்ளைக்கு அது சாமியென்று என்ன தெரியும்? ஒரு நாள் காலையில் அந்த அம்மன் பணிய லயத்துக் கானில் கிடந்தது. கோயில் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். சும்மா விடுவாரா? "கும்பிடுற தெய்வத்தைக் கால்ல மிதிக்க வித்துச் சம்பாதிக்கிறீங்களோ" என்று பிரட்டுக்களத்தில் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். அந்தத் தாய் அன்றைக்குச் சாப்பிடவில்லையாம். இனிமேல் தேரே செய்வதில்லை என்று உளியை எடுத்து அட்டத்தில் போட்டுவிட்டார் தகப்பன்.

நாங்கள் இதில் யாரையும் குறை சொல்லமாட்டோம். பெரியவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அதே நேரம், பொம்மையும் பக்தியும் சேர்ந்திருப்பது நம் சனத்துக்குப் புதிதும் இல்லை. நவராத்திரிக்குக் கொலு வைக்கிறவர்கள் தெய்வங்களையும் செட்டியார் பொம்மையையும் ஒரே கொலுவில் வைக்கிறார்கள். கொலுவில் வைத்த மரப்பாச்சியைப் பிறகு பிள்ளைகள் கையில் கொடுத்து விளையாட விடுகிறார்கள். நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டில், மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே வீட்டுக்கு வீடு பொம்மைத் தொழில்தான். விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலு பொம்மை, நத்தாருக்குப் பாலன் குடில் பொம்மை, எல்லாம் அதே கைகள் செய்கின்றன. தகப்பன் மண் பிசைய, தாய் வர்ணம் தீட்ட, குடும்பமாகப் பிழைக்கிறார்கள். ஆனால் அந்தப் பொம்மைகள் பெரும்பாலும் படியிலும் குடிலிலும் வைத்துப் பார்க்கிறவை. சேற்றில் இழுத்து விளையாடுகிறவை இல்லை. இந்த வித்தியாசத்தை நாங்களும் அப்போது யோசிக்கவில்லை.

பிரச்சினையைத் தீர்த்து வைத்தவர் கோயில் பூசாரிதான். அதிகம் பேசாத மனிதர். "பிள்ளை தேர் இழுக்கத்தானே அழுதுச்சு? சாமியைக் கேட்கலையே. தேரைக் குடுங்க. சாமி கோயில்ல இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். தகப்பன் உளியைத் திரும்ப எடுத்தார்.

அந்த வார்த்தையில் இருந்து அவர்களுக்கு இன்னொரு யோசனையும் பிறந்தது. சாமியை விட்டுவிட்டு வாகனங்களைச் செய்யத் தொடங்கினார்கள். முருகனுக்கு மயில், பிள்ளையாருக்கு மூஞ்சூறு, சிவனுக்கு எருது, அம்மனுக்குச் சிங்கம். எல்லாவற்றுக்கும் சக்கரம் வைத்து, கயிறு கட்டி இழுக்கிற மாதிரி. பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்கு அதை வைத்துக் கதை சொன்னார்கள். பக்கத்துக் காம்பராவில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். அவர்கள் வந்து நத்தார்க் குடிலுக்கு மாடும் கழுதையும் ஆடும் கேட்டார்கள். சிவனுக்கு வெட்டிய அதே எருது அச்சு குடிலுக்கும் சரியாக வந்தது. "மாட்டுக்கு ஏதுங்க மதம்" என்று தகப்பன் சிரித்தார்.

இரண்டாவது சிக்கல் மரம். நம் வீட்டைச் சுற்றி மரம் இல்லாத இடம் இல்லை. ஆனால் அது ஒன்றும் நம்முடையது இல்லை. தோட்டத்துச் சவுக்கு மரத்தில் ஒரு கிளையை வெட்டினாலும் விசாரணை வரும். மிலாறை விறகுக்கு எடுத்துக்கொள்ள விடுவார்கள். அதில் சாமான் செய்து விற்பதென்றால் அது வேறு கதை. ஒரு நாள் மூட்டையோடு வந்தவரைக் காவல்காரர் மறித்துவிட்டார். நாங்கள் துரையிடம் போய்ப் பேசி, மிலாறையும் பிடுங்கிப்போட்ட பழைய தேயிலை அடிமரத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுத்தில் வாங்கிக் கொடுத்தோம். எழுத்தில் என்பதைக் கவனித்துக் கொள்ளுங்கள். துரைமார் மாறுவார்கள், கடிதம் மாறாது.

பிறகு நம்முடைய மழையும் பனியும். தேயிலை மரம் கெட்டியான மரம்தான். ஆனால் பச்சையாகச் செய்த சாமான் காயும்போது வெடித்தது. சாக்கில் கட்டி வைத்தது பூஞ்சணம் பிடித்தது. இப்போது அடுப்புக்கு மேலே பரண் கட்டி, இரண்டு மூன்று மாதம் புகையில் காயவிட்டுத்தான் மரத்தைத் தொடுகிறார்கள்.

மூன்றாவது விசயம், பிள்ளைகளுடைய உயிர். இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறோம். அவர்கள் முதலில் செய்த மூஞ்சூறுக்கு ஓர் அங்குலத்துக்கும் குறைந்த சக்கரம். தவழுகிற பிள்ளை ஒன்று அதைக் கழற்றி வாயில் போட்டுவிட்டது. தாய் பார்த்து, விரலை விட்டுத் தோண்டி எடுத்ததால் பிள்ளை பிழைத்தது. விளையாட்டுச் சாமானுக்கு உலகம் முழுக்க ஒரு சோதனை இருக்கிறது. 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு சின்னக் குழாய். அதற்குள் முழுசாக அடங்குகிற எந்தத் துண்டும் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஆகாது. தொண்டையை அடைக்கும். இப்போது அவர்கள் எல்லாச் சக்கரத்தையும் இரண்டு அங்குலமாக்கிவிட்டார்கள். ஆணியும் அடிப்பதில்லை. மிலாறிலேயே முளை சீவி இறுக்குகிறார்கள்.

வர்ணத்திலும் அப்படித்தான். யாரோ கதவுக்கு அடித்து மிஞ்சிய எனாமல் பெயின்டைச் சும்மா கொடுத்தார்கள் என்று அதைப் பூசினார்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். பிள்ளைகள் எதையும் வாயில் வைத்துத்தானே பார்ப்பார்கள். ஈயம் உடம்பில் ஏறினால் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு ஏறினால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சரி, மஞ்சள் பூசலாம் என்று பார்த்தால், 2020இல் மஞ்சள் விற்ற விலை உங்களுக்கே ஞாபகம் இருக்கும். கறிக்கே மஞ்சள் இல்லை, மயிலுக்கு எங்கே போவது! பூசிய கொஞ்சமும் வெயிலில் வைக்க வெளுத்துவிட்டது. இப்போது ஈயம் இல்லாதது என்று தகரத்தில் போட்டிருக்கிற வர்ணத்தை மட்டும் டவுனில் வாங்கி, கண்ணுக்கும் தோகைக்கும் தொடுகிறார்கள். மற்ற இடமெல்லாம் மர நிறம்தான். எங்களுக்கு அதுதான் கூடுதல் அழகாகத் தெரிகிறது.

இனி நாங்கள் முதலில் சொன்ன கணக்கு.

2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது. அந்த வருடம் பங்குனித் திருவிழாவுக்கு 60 தேர் செய்வதென்று முடிவு செய்தார்கள். மாசியில் இருந்தே ராத்திரி வேலை. கடைசி 12 நாள் அந்தத் தாய் மலைக்கே போகவில்லை. பேர் போடவில்லை. ஒரு தேருக்குப் பலகை, துணி, பசை, வர்ணம், கயிறு எல்லாம் சேர்த்து 160 ரூபா. விற்றது 250 ரூபாவுக்கு. 90 ரூபா லாபம் என்று அவர்கள் சந்தோசப்பட்டார்கள். நாங்களும்தான் சந்தோசப்பட்டோம்.

ஒரு தேர் செய்ய இரண்டு பேருமாக ஐந்து மணித்தியாலம் வேலை. 90ஐ ஐந்தால் பிரித்துப் பாருங்கள். மணித்தியாலத்துக்கு 18 ரூபா. மலையில் எட்டு மணித்தியாலத்துக்கு 1000 ரூபா என்றால் மணித்தியாலத்துக்கு 125 ரூபா. 60 தேரும் விற்று முடிந்தாலும் கிடைக்கப்போவது 5,400 ரூபா. அந்தத் தாய் இழந்த 12 பேருக்கு 12,000 ரூபா. அதோடு போகவில்லை. பேர் இல்லாத நாளுக்கு, தோட்டம் சேமலாப நிதிக்குப் போடுகிற 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்குப் போடுகிற 3 வீதமும் இல்லை. அது வயதான காலத்துச் சல்லி. இப்போது கண்ணுக்குத் தெரியாது.

சரி, 60ம் விற்றதா? 41 போனது. அதில் கைக்காசு வந்தது 23க்குத்தான். மிச்சம் எல்லாம், "சாமி காரியந்தானே, சம்பளத்துக்குத் தாறோம்" என்று கொண்டுபோனது. சிலர், "சாமி தேருக்கு விலையா கேட்கிறீங்க?" என்றே கேட்டார்கள். அந்தத் தாய்க்கு அதற்கு மேல் வாய் வரவில்லை. சாமியை விற்கிறாள் என்ற பேச்சை ஒரு தரம் கேட்டவர் அல்லவா? மிஞ்சிய 19 தேரை ஆடித் திருவிழாவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த வருடம் நடுவில் கொரோனா கட்டுப்பாடு வந்தது. திருவிழாவும் இல்லை, கூட்டமும் இல்லை. தேர்கள் கட்டிலுக்கு அடியில் கிடந்தன.

இந்த நேரத்தில் நாங்கள் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிட வேண்டும். நேரம்தானே அதிகம் போகிறது, கடைசல் இயந்திரம் ஒன்று வாங்கினால் சக்கரமும் தூணும் சீக்கிரம் வருமே என்று அவர்களுக்குச் சொன்னவர்கள் நாங்கள்தான். வீட்டு வாசலுக்கே வந்து கடன் கொடுக்கிற இடத்தில் 40,000 ரூபா எடுத்தார்கள், கிழமைக்குக் கிழமை கட்டுகிற மாதிரி. பழைய இயந்திரம் ஒன்று வந்தது. லயத்து மின்சாரக் கம்பி அதைத் தாங்கவில்லை. போட்டால் மூன்று வீட்டுக்கு வெளிச்சம் மங்கும். பக்கத்துக் காம்பராவில் ஸ்டோரில் இரவு வேலை செய்துவிட்டு வந்து பகலில் படுக்கிறவர், நடுச்சுவர் ஒன்றுதான், எப்படித் தூங்குவார்? இரண்டு வீட்டுக்கும் மனக்கசப்பு. பிறகு 2022 வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. துணி, பசை, வர்ணம் எல்லாம் விலை ஏறியது. இயந்திரம் சும்மா நின்றது. தவணை நிற்கவில்லை. அந்தத் தாயின் தோடு அடகுக்குப் போனது. கடைசியில் இயந்திரத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். தோட்டை மீட்க இரண்டு வருடம் பிடித்தது. வெறுங்காதோடு அந்தத் தாயைப் பிரட்டில் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு முகம் கொடுக்க முடியாமல் இருந்தது. ஆனால் அவர் ஒரு நாளும் எங்களைக் குறை சொல்லவில்லை.

இதைவிட மனசுக்குக் கஷ்டமான ஒன்று மூத்த மகள் விசயம். சாதாரண தரத்துக்குப் படிக்கிற பிள்ளை. கண் எழுதுவதில் கைகாரி. கடன் கட்ட வேண்டுமே என்று ராத்திரி பத்து, பதினொரு மணி வரை மயிலுக்குத் தோகை எழுதியிருக்கிறது. காலையில் வகுப்பில் தூக்கம். பிறகு கிழமையில் இரண்டு நாள் பள்ளிக்கூடமே போகவில்லை. ஆசிரியை எங்களுக்குச் சொல்லித்தான் தெரியும். நாங்கள் போய்ப் பேசினோம். தகப்பன், "எங்க குடும்பத் தொழில், பிள்ளையும் பழகட்டுமே" என்றார். தாய்தான் குறுக்கே பேசினார். "அவ கைக்கு இந்தத் தூரிகை எப்பவும் இருக்கும். இந்தப் பரீட்சை ஒரு தரந்தான் வரும்." அன்றோடு அந்தப் பிள்ளை வர்ணத் தகரத்தைத் தொடவில்லை. அதனால் அந்த நத்தாருக்கு 30 ஆடு குறைந்தது. குறையட்டுமே.

பதிவு விசயத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். டவுன் கடைக்காரர் ஒருவர் சாமான் எடுக்கச் சம்மதித்தார். ஆனால் பில் வேண்டும் என்றார். பில் அடிக்க வியாபாரப் பெயர்ப் பதிவு வேண்டும். பிரதேச செயலகத்துக்குப் போனால், தொழில் நடக்கிற இடம் யாருடையது என்று கேட்டார்கள். லயக் காம்பரா நம் பெயரிலா இருக்கிறது? கிராம உத்தியோகத்தரின் உறுதிப்பத்திரம் ஒரு பக்கம், தோட்டத்தின் சம்மதக் கடிதம் ஒரு பக்கம் என்று அலைந்தார்கள். வரச்சொல்லி அனுப்பிய கடிதம் ஒன்று, நம் கடிதங்கள் வழக்கமாகச் சுற்றி வருகிற மாதிரியே சுற்றி, நாள் கடந்துதான் கைக்கு வந்தது. அதனால் திரும்பவும் முதலில் இருந்து. நாலு பயணம், நாலு நாள் பேர். இந்த வேலைக்கு யாரும் தனியாகப் போகாதீர்கள். எங்களிடம் வாருங்கள். எந்தக் கடிதம் முதலில், எந்தக் கடிதம் பிறகு என்பது இப்போது எங்களுக்கு மனப்பாடம்.

இப்போது அந்தக் குடும்பம் எப்படிச் செய்கிறது? தாய் ஒரு பேர்கூட விடுவதில்லை. சனி பின்னேரமும் ஞாயிறும் மட்டும்தான் பொம்மை வேலை. அச்சுப் பலகை செய்து வைத்துக்கொண்டதால் ஒரு தேர் நாலு மணித்தியாலத்தில் முடிகிறது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபா ஆனபோது, அந்தத் தாயே கொப்பி எடுத்து உட்கார்ந்து விலையைத் திருப்பிப் போட்டார். சாமானுக்கு 420. நாலு மணித்தியாலத்துக்கு, மணிக்கு 170 ரூபா வீதம் 680. பஸ் கூலி, உடைவு, கழிவுக்கு 100. மொத்தம் 1200 ரூபா. அந்த விலைக்கு ஒரு சதம் குறைப்பதில்லை. பாதிச் சல்லி முன்கூட்டியே தந்தால்தான் மரத்தில் கை வைப்பார்கள்.

சாமி காரியத்துக்கு விலையா என்று இப்போதும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு அவர்கள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் முதலில் முடிகிற தேரைக் கோயிலுக்குக் கொடுத்துவிடுவார்கள். நத்தாருக்கு முதல் குடில் செட் மாதா கோயிலுக்கு. அதற்கு ஒரு ரூபாகூட வாங்குவதில்லை. யாராவது கேட்டால் அந்தத் தாய் சொல்லுவார், "சாமிக்குக் குடுத்தது அங்க இருக்குங்க. இது நான் ராத்திரி முழிச்சுச் செஞ்சது." சொல்லும்போது குரல் நடுங்குவதில்லை. முன்பு எப்படி இருந்தவர் என்று தெரிந்ததால் எங்களுக்கு அதைக் கேட்கவே ஆசையாக இருக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. போன கிழமை ஒரு கடைக்காரர் 200 தேர் கேட்டிருக்கிறார். உள்ளே அம்மன் வைத்துத் தர வேண்டுமாம். சல்லி விற்ற பிறகுதானாம். தகப்பனுக்குக் கொஞ்சம் ஆசை இருக்கிறது. தாய் வேண்டாம் என்கிறார். பூசாரியிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு, மிலாறை எப்படிக் காயவைப்பது, முளை எப்படிச் சீவுவது என்று காட்ட அந்தத் தகப்பன் நம் முன்பள்ளிக் கட்டடத்துக்கு வருகிறார். வர விருப்பமானவர்கள் வீட்டுக் கத்தியும், காய்ந்த மிலாறு நாலு துண்டும் கொண்டு வாருங்கள். தாயும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். விலைக் கணக்குப் போடுகிற அந்தக் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்.